முப்பத்தேழு முறை அப்பாதுரை

ஒலக்கூர்,
18.7.2025

வல்லரசு மாமாவுக்கு,

‘அன்புள்ள’ போடவில்லை, பார்த்தீர்களா? மறந்து போய் விட்டதில்லை. வேண்டுமென்றுதான் விட்டேன்.

கல்யாணமான இந்த நான்கு மாதத்தில் நீங்கள் என்னை எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறீர்கள். நான் வைக்கிற குழம்பு, நான் ஸ்கூட்டி ஓட்டுகிற அழகு, எதற்கும் கோபித்துக்கொண்டதில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில், நாம் பைத்தான் படிக்கிற கம்ப்யூட்டர் வகுப்பில், பதினாறு பேர் முன்னால், "சார், இவளுக்கு எதுவா இருந்தாலும் மூணு தபா சொன்னாத்தான் மண்டையில ஏறும்" என்றீர்களே, அது வேறு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். நான் எதற்குச் சிரித்தேன் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆடிக்கு அழைத்துப்போக அம்மா வந்தாள் அல்லவா? பஸ் திண்டிவனம் வருவதற்குள் உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். ஆடி முடியும்வரை எடுக்க மாட்டேன். போனில் உங்கள் குரலைக் கேட்டால் இரண்டே நிமிடத்தில் எனக்குக் கோபம் போய்விடும். அதற்கு நான் தயாராக இல்லை. ஆகவே தபால்.

நான் இங்கே மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் ஞாயிறுதோறும் போய்ப் பாடம் கேட்டுவிட்டு வருவது நியாயமில்லை. சார் நடத்துவதை அப்படியே எழுதி அனுப்புங்கள். ஆகஸ்ட் பத்தாம் தேதி டெமோ இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நம் வகுப்பிலிருந்தே ஒருவரை எடுக்கப் போகிறார்கள். அன்றைக்கு போர்டு முன்னால் நின்று அரைமணி நேரம் நடத்திக் காட்ட வேண்டும். மாமா, எனக்கு அந்த வேலை வேண்டும். பி.எஸ்சி. கணக்கு முடித்து இரண்டு வருஷம் சும்மா இருந்தேன். இனி முடியாது.

ஆனால் ஆகஸ்ட் பத்து ஆடி மாதத்துக்குள் வருகிறது. "ஆடி முடியிற வரிக்கும் மருமவ இந்தப் பக்கம் தல காட்டக் கூடாது" என்று உங்கள் அப்பா என் அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஒன்று கேட்கிறேன். புதுப் பெண் ஆடியில் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாது என்பதுதானே வழக்கம்? விழுப்புரம் என்ன உங்கள் வீடா? வீட்டுக்குள் போட்ட சட்டம் வாசற்படியோடு நிற்க வேண்டாமா? இதை உங்கள் அப்பாவிடம் கேட்டு எழுதவும். உங்களுக்குத் தைரியம் இருந்தால்.

கலைப்பிரியா


காணை,
21.7.2025

அன்புள்ள கலைக்கு,

நான் போட்டுவிட்டேன், பார்.

நேற்று வகுப்பில் உன் இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் கிள்ளுவதற்கு ஆளில்லாமல் நான் பாட்டுக்குத் தூங்கிவிட்டேன். நல்லவேளையாக, பாதியில் எழுந்தேன். அந்தப் பாதியை எழுதுகிறேன்.

பாடம்: while. ஒரு நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது. நம் கரும்புக் கொல்லையில் பாத்தி நிரம்பாதவரை தண்ணீர் ஓடட்டும், நிரம்பியதும் மடையை அடை என்கிறோமே, அதுதான். ஒவ்வொரு சுற்றிலும் நிலவரம் கொஞ்சமாவது மாற வேண்டும் என்று சார் இரண்டு தடவை சொன்னார். எண்ணைக் கூட்ட மறந்துவிட்டால் சுற்று முடியவே முடியாதாம்.

அப்பாவிடம் கேட்டேன். எனக்குத் தைரியம் உண்டு. அவர் சொன்னது: "வேலைக்கே போவணுமான்னு நான் இங்க யோசிச்சிக்கினு இருக்கேன், இதுல ஆடியில வேறயா? வேணாம்." பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார். நீ சொன்ன வாசற்படி விஷயத்தை அவர் முதுகிடம்தான் சொன்னேன்.

ஆனால் எனக்கு ஒரு யோசனை. வருகிற இருபத்தேழாம் தேதி நம் கீழத்தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம். இந்த வருஷம் அப்பா பொறுப்பு. உனக்கு இது முதல் ஆடி என்பதால் சொல்கிறேன்: நாற்பத்திரண்டு வீட்டிலும் கேப்பைக் கூழ் காய்ச்சிக் குடத்தில் கொண்டுவருவார்கள். மைக்கில் ஒவ்வொரு குடும்பமாகப் பேர் சொல்லிக் கூப்பிட, அவரவர் குடத்தைக் கோயில் அண்டாவில் ஊற்ற வேண்டும். யார் பேரை முன்னால் கூப்பிட்டார்கள், யாரைப் பின்னால் தள்ளினார்கள் என்று வருஷா வருஷம் சண்டை. கூப்பிடுகிறவருக்குக் கூழ் உள்ளே இறங்காது.

மனுஷர் கூப்பிட்டால்தானே சண்டை? லேப்டாப் கூப்பிடட்டும். தமிழில் பேச வைக்கிற நிரல் துண்டு ஒன்றை சார் போட்டுத் தந்திருக்கிறார். பேர்களை வரிசையாகக் கூப்பிடுகிற நிரலை நீ எழுதிக் கொடு. கோயில் பழைய நோட்டில் உள்ள பேர்ப் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். மருமகள் எழுதியது சண்டையில்லாமல் நடந்தது என்றால் அப்பா குளிர்ந்துவிடுவார். அந்தச் சூட்டோடு பத்தாம் தேதியைப் பற்றிப் பேசிவிடலாம்.

குளிர்ந்தால் ஏது சூடு என்று கேட்காதே.

வல்லரசு


ஒலக்கூர்,
23.7.2025

மாமாவுக்கு,

நீங்கள் எழுதிய மடைக் கணக்கு நன்றாகவே இருந்தது. பாராட்டு அல்ல, தகவல்.

நிரல் இதோ. இங்கே கம்ப்யூட்டர் இல்லாததால் காகிதத்திலேயே ஓட்டிப் பார்த்தேன். பேருக்குப் பதில் மல்லாட்டையை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

எண் = 0
while எண் < 42:
    கூப்பிடு(பெயர்[எண்])
    எண் = எண் + 1

கூப்பிட்ட பிறகு அரை நிமிடம் நிற்கும்படி, சார் தந்த துண்டில் சேர்த்துவிடுங்கள். குடம் வந்து சேர நேரம் வேண்டும். பேர்களைப் பள்ளிக்கூட அட்டெண்டன்ஸ் மாதிரி அகர வரிசையில் அடுக்கியிருக்கிறேன். அ, ஆ, இ என்று போனால் யார் என்ன சொல்ல முடியும்?

முதலில் வருகிறவர் அப்பாதுரை. இது யார், மாமா? கீழத்தெருக்காரர் எல்லோரும் நம் கல்யாணத்துக்கு வந்தார்கள். வந்த நாற்பத்தொரு வீட்டாரையும் எனக்குத் தெரியும், காலில் விழுந்து இடுப்பே போய்விட்டது. இவரை மட்டும் பார்த்த ஞாபகம் இல்லை.

எழுதியபடியே டைப் செய்யுங்கள். உங்கள் கைவரிசையைக் காட்ட வேண்டாம்.

கலைப்பிரியா


காணை,
28.7.2025

அன்புள்ள கலை,

கைவரிசையைக் காட்டிவிட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அப்பாதுரை என் சித்தப்பா. அப்பாவின் கூடப் பிறந்த தம்பி. ஆறு வருஷத்துக்கு முன் கூழ் ஊற்றும்போது முதல் குடம் அவர் முறை. அப்பாதான் மைக்கில் கூப்பிட்டார். ஏதோ நினைப்பில் எங்கள் வீட்டுப் பேரை முதலில் சொல்லிவிட்டார். குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருந்த சித்தப்பா, அப்படியே திரும்பி வீட்டுக்கு நடந்தார். இரண்டு பேர் நிலத்துக்கும் நடுவில் ஒரே வரப்புதான். ஆறு வருஷமாக அந்த வரப்பில் எதிரெதிரே வந்தாலும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள். ஜெராக்ஸ் எடுத்தபோது நான் பேர்களைப் படிக்கவே இல்லை.

டைப் செய்யும்போது பார்த்தேன். அழித்துவிடலாம் என்று விரல் போனது. அழித்தால் நாற்பத்திரண்டு நாற்பத்தொன்றாகும், நீ போட்ட கணக்கு எங்கே இடிக்குமோ என்று பயம். ஒரு தடவை கூப்பிடும், அவர் வரமாட்டார், அடுத்த பேருக்குப் போய்விடும், யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். சனிக்கிழமை சாருக்குப் போன் போட்டபோது, வேலையைத் தனித்தனி பங்க்ஷனாக, அதாவது பேர் வைத்த சின்னத் துண்டுகளாகப் பிரித்து, def போட்டு எழுதுவதுதான் அழகு என்றார். உன் கடைசி வரியைத் தூக்கி ஒரு பங்க்ஷனுக்குள் வைத்தேன். சிவப்பில் பிழை வந்தது. மதிப்பே தராத எண்ணை எடுக்கிறாய் என்று சொன்னது. சரி, மதிப்புத்தானே வேண்டும் என்று உள்ளேயே ஒரு சைபர் கொடுத்தேன். பிழை போய்விட்டது. ஓட்டிப் பார்த்தேன். "அப்பாதுரை குடும்பத்தார் வரவும்" என்று லேப்டாப்பின் பெண் குரல் கணீரென்று சொல்லவும் அப்பா அறைக்குள் வரவும் சரியாக இருந்தது. படாரென்று மூடிவிட்டேன். மற்றபடி வேலை செய்கிறது என்று நம்பினேன்.

நேற்று எனக்குக் காப்புக் கட்டிக் கரகம் கொடுத்துவிட்டார்கள். ஏரிக்கரையில் கரகம் ஜோடித்துத் தலையில் வைத்தால் கோயில் சேரும்வரை ஓடக் கூடாது, திரும்பக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. லேப்டாப்பை மைக்செட் கோபியிடம் கொடுத்து, குடங்கள் வர ஆரம்பித்ததும் என்டர் தட்டு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

பாதி வழியில் கேட்டது. "அப்பாதுரை குடும்பத்தார், கூழ்க் குடத்துடன் கோயிலுக்கு வரவும்." சரி, ஒன்று என்று நினைத்தேன். அரை நிமிடம் கழித்து மறுபடியும் அப்பாதுரை. மூன்றாவதும் அப்பாதுரை. எனக்கு உடம்பு உதற ஆரம்பித்தது. பம்பைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு சாமி வந்துவிட்டதென்று இன்னும் வேகமாக அடிக்கிறார். பெண்கள் குடம் குடமாக மஞ்சத்தண்ணியை என் காலில் ஊற்றுகிறார்கள். நான் உள்ளுக்குள் கோபியைத் திட்டிக்கொண்டே நடக்கிறேன். அந்தப் புண்ணியவானோ, அப்பாதுரை வீட்டுக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறான். தெருப் பிள்ளைகளும் அந்தக் குரலோடு சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். பதினெட்டு நிமிடம், கலை. முப்பத்தேழு முறை. பிள்ளைகள் எண்ணியிருக்கிறார்கள்.

கோயிலில் அப்பா மைக்செட் பக்கம் திரும்பவே இல்லையாம். நிறுத்து என்றும் சொல்லவில்லை. கோயில் மணியைப் பார்த்தபடியே நின்றாராம்.

நான் கோயிலை அடையும்போது எதிர்ப்பக்கம் இருந்து சித்தப்பா வந்துகொண்டிருந்தார். தோளில் குடம். பின்னால் விசாலாட்சி சித்தி. வீட்டிலேயே அம்மனுக்குப் படைக்க வருஷா வருஷம் காய்ச்சுவார்களாம். கூழில் ஆவி பறந்தது. அப்பா நாலு எட்டு முன்னால் போய்க் குடத்தின் அடியைப் பிடித்தார். "சூடா இருக்குதுடா, பாத்து ஊத்து" என்றார். ஆறு வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அவ்வளவுதான்.

கோபி என்னிடம் வந்து, "அண்ணா, அடுத்த பேரே வரமாட்டேங்குது, செம பேஜாரு" என்றான். ஒயரைப் பிடுங்கினேன். மீதி நாற்பத்தொரு பேரையும் உன் பட்டியலைப் பார்த்து அப்பாவே படித்தார். அகர வரிசை என்றதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

உன்னைப் போய் மூன்று தடவை சொன்னால்தான் ஏறும் என்றேன். எனக்கு முப்பத்தேழு தடவை சொல்லியும் என்ன தப்பு என்று ஏறவில்லை. அன்றைக்கு நான் பேசியது தப்பு. மன்னித்துவிடு. நான் எழுதிய கொடுமையைக் கீழே தருகிறேன்.

எண் = 0
def அடுத்தது():
    எண் = 0
    எண் = எண் + 1
while எண் < 42:
    கூப்பிடு(பெயர்[எண்])
    அடுத்தது()

வல்லரசு


திண்டிவனம்,
30.7.2025

அன்புள்ள மாமா,

போட்டுவிட்டேன். அதிகம் குதிக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்து நான் தனியாகச் சிரித்ததில், பூசாரியை வரவழைக்கலாமா என்று அம்மா யோசித்தாள். தாங்க முடியாமல் பஸ் ஏறித் திண்டிவனம் வந்து, ஜெராக்ஸ் கடையில் ஒரு கம்ப்யூட்டரைப் பிடித்து, உங்கள் நிரலை அப்படியே போட்டேன். பேச்சுக்குப் பதில் எழுத்தாக வரும்படி வைத்தேன், அரை நிமிட நிறுத்தமும் இல்லை. திரை பூராவும் அப்பாதுரை. கடைக்கார அக்கா தேவயானி ஓடிவந்து, "இன்னாம்மா, வெள்ளம் மாதிரி ஒரே பேரா போய்க்கினு இருக்குது? யாரும்மா அவரு? ஜல்தி நிறுத்து, மிஷின் போயிடப் போவுது" என்று அலறிவிட்டார். கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தினால் நின்றுவிடும். இதைக் கோபிக்கும் சொல்லிவையுங்கள்.

இப்போது கேளுங்கள். எங்கள் ஊரில் ஒரு பச்சைமுத்து இருக்கிறார். உங்கள் தெருவிலும் ஒரு பச்சைமுத்து இருக்கிறார். எங்கள் ஊர்ப் பச்சைமுத்து மொட்டை அடித்துக்கொண்டால் உங்கள் தெருப் பச்சைமுத்துவுக்கு முடி போகுமா? பேர் ஒன்றுதான், ஆள் வேறு. பங்க்ஷனுக்குள் நீங்கள் சைபர் கொடுத்தபோது அங்கே புதிதாக ஓர் எண் பிறந்தது. அது ஒன்றாகி, பங்க்ஷன் முடிந்ததும் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு தடவையும் அதே கதை. வெளியே இருந்த எண்ணுக்கு இது எதுவும் தெரியாது. அது சைபராகவே நின்றது. சைபர் நாற்பத்திரண்டைவிடச் சிறியது, ஆகவே சுற்று ஓடியது. கம்ப்யூட்டர் சைபரிலிருந்துதான் எண்ணும், ஆகவே பட்டியலில் சைபராம் இடத்தில் முதல் ஆளாக இருந்தவர் உங்கள் சித்தப்பா.

சரி செய்ய, எண்ணை உள்ளே கொடுத்து, கூட்டி, திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். def அடுத்தது(எண்) என்று ஆரம்பித்து, உள்ளே return எண் + 1 என்று ஒரே வரி. வெளியே எண் = அடுத்தது(எண்). அவ்வளவுதான்.

சிரித்தது போதும். உங்கள் அப்பாவுக்கு இது மிஷின் தப்பு என்று தெரியுமா? பத்தாம் தேதி பற்றி என்ன சொன்னார்? இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது. ஒவ்வொரு காரியத்துக்கும் ஒருவர் தலையசைக்கக் காத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை, மாமா. இருந்தாலும் வந்த நான்காம் மாதமே உங்கள் வீட்டில் சண்டைக்காரி என்று பேர் வாங்கவும் மனமில்லை.

கலை


காணை,
4.8.2025

கலை,

வா!

நேற்று சித்தப்பா நம் வீட்டுக்குக் காபி குடிக்க வந்தார். உட்கார்ந்ததும் கேட்டார்: "அந்தப் பேரு வரிசைய யாரு போட்டது?" அம்மா, "மருமவ" என்றாள். "அந்தப் புள்ளைய நான் பாக்கணுமே. கல்யாணத்துக்குக்கூட வர்ல" என்றார். நான் விடுவேனா? டெமோவைப் பற்றி எடுத்துவிட்டேன். அப்பா ஆடி என்று ஆரம்பித்தார். சித்தப்பா மடக்கினார்: "பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நான் ஏத்திக்கினு போறேன், முடிஞ்சதும் நானே பஸ் ஏத்தி வுடறேன். நம்ம வூட்டு வாசப்படிய மிதிக்காத வரிக்கும் ஆடிக்கு இன்னா கொறைஞ்சி போவுது?" நீ முதல் கடிதத்தில் எழுதியதேதான். நான் சொன்னால் முதுகைக் காட்டியவர், தம்பி சொன்னதும் வாயை மூடிக்கொண்டார். சமாதானமாகி ஒரு வாரம்தான் ஆகிறது, எப்படி மறுப்பார்?

எனக்குத்தான் நிபந்தனை. வகுப்பில் கடைசி பெஞ்ச். உன்னோடு பேசக் கூடாது.

ஆனால் கலை, ஒரு முக்கியமான விஷயம். அப்பாவுக்கு எல்லாம் தெரியும், நான்தான் சொன்னேன். என்னை மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிப்போய், "மிஷின் தப்புன்னு அவங்கிட்ட மூச்சு வுடாத. நான்தான் அத்தினி தபா கூப்ட சொன்னேன்னு நெனைச்சிக்கினு இருக்கான். நெனைச்சிக்கட்டும்" என்றார். சித்தப்பாவுக்கு ரோஷம் அதிகம். தெரிந்தால் இன்னும் ஆறு வருஷம் போகும். அப்பா உன் டெமோவுக்குத்தான் சரி என்றிருக்கிறார், வேலைக்கு இன்னும் சொல்லவில்லை. அது சித்தப்பா எடுத்துச் சொன்னால்தான் நடக்கும். ஆகவே அவர் காதில் மட்டும் இது விழவே கூடாது.

நன்றாக நடத்து. நான் கொட்டாவி விட மாட்டேன்.

வல்லரசு


ஒலக்கூர்,
11.8.2025

மாமா,

போன் செய்யலாமா என்று மூன்று தடவை எடுத்தேன். பேசினால் அழுதுவிடுவேன். எழுதுகிறேன்.

சின்ன மாமனார் எவ்வளவு நல்லவர்! பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும், "நீதானா பாப்பா அது" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். வகுப்பு வாசலில் இறக்கிவிட்டு, டீ குடிக்கப் போகிறேன் என்றார். அவர் போய்விட்டார் என்றே நினைத்தேன்.

நான் தயார் செய்து வந்தது ஐந்தாம் வாய்ப்பாடு. while போட்டு வாய்ப்பாடு எழுதுவது. எனக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் அதையே நடத்திவிட்டார்கள். நீங்கள் பார்த்தீர்களே, சார் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எப்படியோ பங்க்ஷன் வரை வந்தேன். அப்போது முன் பெஞ்சில் அஸ்வினி கேட்டாள்: "அக்கா, வெளியிலியும் எண், உள்ளியும் எண். ஒரே பேரு வெச்சிட்டு வேற வேறன்னா எப்படி?" எனக்கு அந்தக் கேள்வி அவ்வளவு பிடித்துப்போயிற்று. அதற்கு மேல் நான் யோசிக்கவே இல்லை. வாய்ப்பாட்டை அழித்துவிட்டு, ஒரு ஊரில் கூழ் ஊற்றினார்கள் என்று ஆரம்பித்துவிட்டேன். ஊர்ப் பேர் சொல்லவில்லை. ஆனால் போர்டில் பட்டியல் எழுதினேன் பாருங்கள், அங்கே கை பாட்டுக்கு ‘அப்பாதுரை’ என்று எழுதிவிட்டது.

எவ்வளவு நன்றாகப் போயிற்று, மாமா! சுற்றுச் சுற்றாக எழுதிக் காட்டினேன். முதல் சுற்று, எண் சைபர், அப்பாதுரை, இது சரி. இப்போது எண் ஒன்றாகியிருக்க வேண்டும், ஆகவில்லை. இரண்டாவது சுற்று, மறுபடியும் அப்பாதுரை, தப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. முப்பத்தேழு என்றதும் வகுப்பே மேஜையைத் தட்டிச் சிரித்தது. சார்கூட எழுந்து நின்றுவிட்டார். "பாவம், அந்தப் பெரியவர் யாரோ ஆசையாகக் கூப்பிடுகிறார்கள் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கூப்பிட்டது யாருமே இல்லை, நின்றுபோன ஒரு சைபர்" என்று என் வாயாலேயே சொன்னேன்.

சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டு திரும்பினேன். வாசலில் சின்ன மாமனார். கையில் எனக்காக வாங்கிய கரும்பு ஜூஸ். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தேன், நீங்கள் பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டீர்கள்.

அவர் ஜூஸைக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு வரை ஒரு வார்த்தை இல்லை. பஸ்ஸில் ஏற்றி, ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்து, "ஜாக்கிரதையா போம்மா" என்றார். விக்கிரவாண்டி டோல்கேட் வரை ஜூஸைக் கையிலேயே வைத்திருந்தேன்.

வேலை கிடைக்கும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அண்ணன் தம்பியை மறுபடியும் பிரித்துவிட்டு, அந்த வேலைக்கு எந்த முகத்தோடு வருவேன்? உங்கள் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு என்னால் போயிற்று. நல்ல டீச்சராக இருக்க வேண்டும் என்ற ஒரே வெறியில் அந்த மனுஷரை ஊர் சிரிக்க வைத்துவிட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், மாமா. எப்படி என்று சொல்லுங்கள்.

கலை


காணை,
13.8.2025

அன்புள்ள கலை,

இதைக் கொண்டுவந்தவரைப் பார்த்து நீ பயந்திருப்பாய். பயப்படாதே. முதலில் அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல். தபால் போய்ச் சேர இரண்டு நாளாகும், அதுவரை அந்தப் புள்ளை அழுதுகொண்டிருக்கும் என்று சித்தப்பாவே பஸ் ஏறிவிட்டார்.

வேலை உனக்குத்தான். சார் போன் செய்தார். வருகிற திங்கட்கிழமை, ஆவணி இரண்டாம் தேதி, சாயங்கால வகுப்பிலிருந்து ஆரம்பம். அப்பாவே, "போவட்டும்டா, இத்தினி பேரு முன்னால நின்னு பேசுற புள்ளைய வூட்டுல குந்த வெச்சா நம்மளத்தான் சிரிப்பாங்க" என்றார். எப்படி என்று கேள்.

அன்றைக்கு உன்னை பஸ் ஏற்றிவிட்டு சித்தப்பா நேராக நம் வீட்டுக்கு வந்தார். நான் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்து, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். உட்காரவில்லை. "அண்ணே, அத்தினி தபா நீ கூப்ட சொல்லலியா?" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கழனியில் வரப்புத் தகராறு என்றால் பத்துப் பேரைச் சமாளிக்கிறவர், அப்படி நின்று நான் பார்த்ததில்லை. "இல்லடா. மிஷினு தப்பு பண்ணிடுச்சி. சொன்னா நீ மறுபடியும் போயிடுவேன்னு சொல்லல" என்றார். அம்மா கையில் இருந்த காபி அப்படியே நின்றது. போச்சு, ஆறு வருஷம் என்று நான் எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். "டேய், இங்க வா. பாப்பா போர்டுல எழுதிக் காட்டிச்சி. ரெண்டாவது தபாலேர்ந்துதான் தப்பாம். மொத தபா கூப்ட்டது சரியாத்தான் கூப்ட்டுதாம். நெசமா?"

"நெசம் சித்தப்பா. உங்க பேருதான் மொதல்ல இருந்திச்சி."

"அப்புறம் இன்னாடா? நான் மொத தபாலியே கெளம்பிட்டேன். மீதி முப்பத்தாறு தபாவும் உங்க சித்தி கூழ கிண்டிக்கினு இருந்தா."

வல்லரசு